திருகோணமலைக் கிறிஸ்தவ இல்லங்களில் இறையச்சமும் பிள்ளை வளர்ப்பும்

கடவுள் பெரியவர், அவர் முன்னிலையில்தான் தன் வாழ்வு நடக்கிறது என்ற உணர்விலிருந்து எழும் அடக்கத்தையும் அன்பையும் கிறிஸ்தவ மரபு இறையச்சம் என்று அழைக்கிறது. நீதிமொழிகள் நூல் அதை ஞானத்தின் தொடக்கத்தில் வைக்கிறது. எசாயா நூலின் 11ஆம் அதிகாரத்தை ஒட்டிக் கத்தோலிக்கத் திருச்சபை அதைத் தூய ஆவியின் ஏழு கொடைகளில் ஒன்றாக எண்ணுகிறது. பிள்ளைகளுக்கு இறைப்பற்றைக் கற்பிக்கும் பொறுப்பை இணைச்சட்ட நூலின் 6ஆம் அதிகாரம் பெற்றோரிடம் ஒப்படைக்கிறது. அதற்குரிய இடமும் நேரமுமாக அங்கே சொல்லப்படுபவை வீடு, வழிநடை, படுக்கை, விடியல் ஆகியவை. ஆலயம் அந்த வரிசையில் இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதியில் இந்தப் பொறுப்புக்குத் தனிக் கனம் உண்டு. மாவட்டத்தின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். மெதடிஸ்த, அங்கிலிக்கன் திருச்சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் சிறு தொகையினர். நகரிலும் பாலையூற்றிலும் விரிகுடாவுக்கு அப்பால் மூதூரிலும் வாழும் இச்சமூகத்தில் தமிழரோடு போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரும் உள்ளனர். இங்கு வளரும் கிறிஸ்தவப் பிள்ளையின் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருப்பது சைவப் பிள்ளை, முன்வாங்கில் முஸ்லிம் பிள்ளை. தெருவில் கேட்பது பத்திரகாளி அம்மன் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும். கிறிஸ்தவச் சூழல் ஊரிலிருந்து தானாக வந்து சேராது. வீட்டில் உண்டாக்கினால்தான் உண்டு. ஊரின் வரலாறும் இதையே காட்டுகிறது. அரசோ பள்ளிக்கூடமோ குருவோ இல்லாமற்போன காலங்களிலெல்லாம் பிள்ளைகளின் விசுவாசம் வீட்டுக்குள்தான் பிழைத்தது.

தமிழ்க் கரையோரத்தில் மறையைப் பரப்பும் பணியில் பிள்ளைகள் முதலிலிருந்தே இருந்தார்கள். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் செபங்களை முதலில் சிறுவர்களுக்கே மனனம் செய்வித்தார். அவர்களையே நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பிச் செபிக்கச் செய்தார். பிள்ளை கற்றதைத் தாய் தகப்பன் கேட்டுக் கற்றார்கள். அண்டிரிக்கே அடிகளார் மொழிபெயர்த்து 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்களில் மறையின் அடிப்படைகளைச் சொல்லும் நூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் இதுவே. அது அறிஞர்களின் வாதத்துக்காக எழுந்ததன்று, எளிய மக்களின் வாய்ப்பாடத்துக்காக எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது.

திருகோணமலையில் கிறிஸ்தவத்தின் வருகைக்கு ஒரு கறையும் உண்டு. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். மண்ணுக்குள் புதைந்திருந்த கோயிலின் வெண்கலத் திருமேனிகள் சில 1950இல் கிணறு வெட்டும்போது வெளிவந்தன. கோயில் மீண்டும் எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. கிறிஸ்தவப் பெற்றோர் இதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது. பிறர் வணங்கும் இடத்தை இடித்த செயலைக் கடவுளுக்குச் செய்த தொண்டாக எண்ணிக்கொண்டவர்களிடம் இறையச்சம் இருந்ததா என்ற கேள்வி, இவ்வூர்ப் பிள்ளை ஒரு நாள் கேட்டே தீரும் கேள்வி.

பின்னர் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. இலங்கையில் அவர்கள் ஆண்ட கரைகளில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பது 1658 முதல் மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயமும் பூசையும் இல்லாத அந்த ஆண்டுகளில் மூப்பர்களும் தாய்மார்களும் சொல்லிக்கொடுத்த செபங்களே பிள்ளைகளுக்குக் கிடைத்த மறைக்கல்வி. 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கை வந்த, கோவாவைச் சேர்ந்த குரு யோசேப் வாஸ் இரவில் வீடு வீடாகச் சென்றபோது, குருவின் முகத்தையே காணாமல் வளர்ந்த தலைமுறை செபமாலையை மறக்காமல் வைத்திருந்தது. அவர் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ இயேசுவின் பாடுகளைச் சொல்வது. தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டுவரும் அந்நூலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. பெரியவர்கள் கண்ணீரோடு அமர்ந்திருப்பதைப் பார்ப்பதே பாடம்.

1795இல் பிரித்தானியர் துறைமுகத்தைக் கைப்பற்றிய பின் நிலைமை மாறியது. 1814இல் இலங்கை வந்த வெஸ்லியன் மிசனரிமார் சில ஆண்டுகளில் இங்கும் பணியைத் தொடங்கினர். அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 1867இல் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கினர். 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாகி இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண் பெண் பிள்ளைகளுக்கு மிசன் பாடசாலைகளும் விடுதிகளும் எழுந்தன. காலைச் செபம், மறைக்கல்வி வகுப்பு, பூசை எல்லாம் பாடசாலையிலேயே நடந்ததால் பெற்றோரின் கடமை கன்னியர்களிடமும் குருக்களிடமும் மெல்லக் கைமாறியது. அவை நல்ல பள்ளிக்கூடங்களாக இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இரண்டு மூன்று தலைமுறையாக, பிள்ளைக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லித் தருவது கற்றவர்களின் வேலை என்ற எண்ணம் பெற்றோரிடம் வேரூன்றியதற்கு அந்தப் பள்ளிக்கூடங்களின் வெற்றியும் ஒரு காரணம்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு உதவிபெற்ற மிசன் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது அந்த ஏற்பாடு குலைந்தது. சமயம் இன்றும் இலங்கைப் பாடசாலைகளில் கட்டாய பாடம், கத்தோலிக்க திருமறைக்கும் கிறிஸ்தவத்துக்கும் தனித்தனிப் பாடநூல்கள் உண்டு, க.பொ.த. சாதாரண தரத்தில் பரீட்சையும் உண்டு. பத்துக் கட்டளைகளை வரிசை பிறழாமல் எழுதி ‘ஏ’ சித்தி பெறுவது வேறு, கட்டளையிட்டவரின் முன் தலைவணங்குவது வேறு. புள்ளி முதலாவதற்குக் கிடைக்கும். இரண்டாவதைப் பாடசாலை அளக்கவும் முடியாது, அளக்க முயலவும் கூடாது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் வாரத்தில் ஒரு மணிநேரத்துக்குள் மறையாசிரியர் எதைச் செய்தாலும், வீட்டில் அதன் தொடர்ச்சி இல்லையென்றால் அது திங்கட்கிழமைக்குள் கரைந்துவிடும்.

கத்தோலிக்க வீட்டில் இத்தொடர்ச்சியின் மையம் அந்திச் செபம். விளக்கு வைத்த பின் திருவுருவத் தட்டின் முன் பாய் விரிக்கப்படுகிறது. பெரியவர் தொடங்க மற்றவர்கள் மறுமொழி சொல்கிறார்கள். செபமாலையின் ஒரு பத்துமணியைத் தானே முன்சொல்லும் உரிமை பிள்ளைக்கு எப்போது கிடைக்கிறது என்பது வீட்டுக்குள் ஒரு சிறு பட்டமளிப்பு. கடலில் நிற்பவர்களுக்காக, இறந்தவர்களுக்காக, நோயுற்ற அயலவருக்காக ஒவ்வொரு மன்றாட்டு. இறுதியில் பிள்ளைகள் பெரியவர்கள் முன் வந்து நிற்க, நெற்றியில் சிலுவை அடையாளம் வரையப்படுகிறது. இவற்றில் விளக்கவுரை எதுவும் இல்லை. ஒரு வயதுக் குழந்தையின் கையைத் தாய் தன் கையால் பிடித்து நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோள்களுக்கும் கொண்டுபோகிறாள். அதன் பொருள் குழந்தைக்குத் தெரியாது. பொருள் பின்னால் வரும், முதலில் உடல் கற்கட்டும் என்ற இந்த அணுகுமுறை சரியானதே.

உடலால் காட்டும் இந்த வணக்கத்தில் கிறிஸ்தவத்துக்கு முந்திய தமிழ் வழக்கங்களும் கலந்திருக்கின்றன. ஆலய வாசலில் செருப்பைக் கழற்றுவது, விவிலியத்தைத் தரையில் வைக்காதிருப்பது, தவறிக் கால்பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போன்றவற்றைச் சைவ வீட்டுப் பிள்ளையும் தன் வீட்டில் வேறு பொருட்களுக்குச் செய்கிறது. பெரிய வெள்ளியன்று வானொலியும் தொலைக்காட்சியும் ஓய்ந்து, கஞ்சியோடு உணவு முடியும் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட அன்று ஏதோ நடந்திருக்கிறது என்று புரியும். பாஸ்கா விடியலில் புது உடுப்பும் பலகாரமும் வரும்போது அது இன்னும் நன்றாகப் புரியும். துக்கத்தையும் மகிழ்ச்சியையும் வீடே முன்னின்று அனுசரிப்பதுதான் ஆண்டுதோறும் திரும்பிவரும் மறைக்கல்வி.

முதல் நற்கருணை இவ்வரிசையில் தனி நிலை. பகுத்தறியும் வயதான ஏழையொட்டிய பருவத்திலேயே பிள்ளைகள் நற்கருணை பெறலாம் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் அறிவித்தார். அதற்கு முன் பல நாடுகளில் பன்னிரண்டு, பதினான்கு வயதுவரை காக்க வைத்தார்கள். சிறு பிள்ளைக்குத் தெரிய வேண்டியது இந்த அப்பம் மற்ற உணவைப் போன்றதன்று என்பதுதான். அதைத் தன் அளவில் அது உணரும் என்ற நம்பிக்கை அவருடைய முடிவின் அடியில் இருந்தது. வெள்ளை உடுப்பு, படமெடுப்பு, விருந்து என்று வீடு பரபரப்பாகும்போது இந்த ஒரு சிறு உணர்வு அடியில் அமுங்கிப்போகும் ஆபத்து உண்டு. செலவுக்குக் கடன்படும் வீடுகளில் பிள்ளை நினைவில் வைத்திருப்பது கடனைத்தான்.

மெதடிஸ்த இல்லங்களில் வேதாகம வாசிப்பும் பாட்டும் முன்னிற்கின்றன. புரொட்டஸ்தாந்த மரபின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு: மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசத்தைக் குடும்பத் தலைவர் வீட்டாருக்குக் கற்பிக்கும் முறையிலேயே அமைத்தார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தாய் சுசன்னா, பிள்ளைகள் பேசத் தொடங்கியதுமே கர்த்தருடைய ஜெபத்தைக் கற்பித்தார். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அதனோடு தனியே பேசுவதும் அவருடைய வழக்கம். பிடிவாதத்தைச் சிறுவயதிலேயே ஒடுக்க வேண்டும் என்ற அவரது கண்டிப்பு இன்று பலருக்கு ஒவ்வாது. ஆனால் பத்துப் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க நேரம் கண்ட தாயின் முறைக்கு ஈடாக எந்தப் பாடத்திட்டமும் இன்றுவரை எழுதப்படவில்லை. ஓய்வுநாள் பாடசாலையில் மனனம் செய்த வசனத்தை வீட்டில் ஒப்புவிப்பது, இராச்சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம், கீர்த்தனை பாடுவது ஆகியவை அந்த வழிவந்தவை.

பெந்தெகொஸ்தே சபைகளில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. அவற்றில் முதல் தலைமுறை விசுவாசிகள் பலர். தாய் தகப்பன் ஞானஸ்நானம் பெற்றிருக்க, அப்பம்மாவும் அம்மப்பாவும் சைவர்களாகவே இருப்பார்கள். உபவாச ஜெபத்திலும் முழு இரவு ஜெபத்திலும் பெற்றோரின் கண்ணீரைக் காணும் பிள்ளைக்குக் கடவுள் உண்மையானவர் என்பதில் ஐயம் எழாது. அது பெரிய கொடை. அதே பிள்ளை அப்பம்மா பூச வரும் திருநீற்றை என்ன செய்வது? ஏற்பதில்லை என்று பெற்றோர் முடிவுசெய்திருந்தால் அதைச் சொல்லவும் ஒரு முறை உண்டு. கிழவியின் கையைத் தட்டிவிடாமல், காலைத் தொட்டு வணங்கிவிட்டு மறுக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கும் வீட்டில் இரண்டு வணக்கமும் பிழைக்கும். அப்பம்மாவின் சாமியைப் பேய் என்று சொல்லிக்கொடுக்கும் வீட்டில் பிள்ளை கற்பது வெறுப்பை. பெற்றோரை மதிக்கச் சொல்லும் கட்டளை பெற்றோரின் பெற்றோருக்கும் பொருந்தும்.

எல்லாச் சபை வீடுகளுக்கும் பொதுவான பெருந்தவறு கடவுளைப் பிரம்பாகப் பயன்படுத்துவது. சோறு உண்ணாத பிள்ளைக்கும் பொய் சொன்ன பிள்ளைக்கும் “சாமி கண்ணைக் குத்தும்”, “இயேசப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார், அடிப்பார்” என்று சொல்வது எளிது. அந்தக் கணத்தில் பலனும் தரும். அதன் விலை பின்னால் தெரியும். பிள்ளையின் மனத்தில் கடவுளின் உருவம் பெற்றோரின் முகத்திலிருந்தே தொடங்குகிறது என்று உளமருத்துவர் அனா-மரியா ரிசுட்டோ 1979இல் வெளியான நூலில் விளக்கினார். அமெரிக்காவில் 350க்கும் மேற்பட்ட குடும்பங்களை 1970 தொடங்கிப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த வேர்ன் பெங்ஸ்ரன், பெற்றோரோடு, சிறப்பாகத் தகப்பனோடு, நெருக்கமும் இதமும் உள்ள பிள்ளைகளிடமே சமயப் பற்று நிலைக்கிறது என்று 2013இல் எழுதினார். பிள்ளைகளை எரிச்சலூட்டி மனம் உடையச் செய்யாதபடி தந்தையரை எச்சரிக்கும் பவுலின் திருமுகங்களும் இதையே வேறு சொற்களில் சொல்கின்றன. நீதிமொழிகளின் பிரம்பை மேற்கோள் காட்டும் தகப்பன்மார் எபேசியர், கொலோசையர் திருமுகங்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அமைதியும் வியப்பும் வழியாகப் பிள்ளை இறையச்சத்துக்கு வர முடியும் என்பதற்கு ரோமில் 1954இல் சோபியா கவலெற்றி தொடங்கிய முயற்சி நல்ல சான்று. மொண்டிசூரி முறையை ஒட்டி மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சிறு மரப் பொருட்களைக் கொண்டு நல்லாயன் உவமையைக் காட்டியபோது, அவர்கள் பயமுறுத்தப்படாமலே நீண்டநேரம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்ததை அவர் கண்டார். இதற்குத் தனி அறையோ பொருளோ கட்டாயமில்லை. கரையில் வளரும் பிள்ளைக்கு வாடைக்காற்றுக் காலத்துக் கடலே போதும். இதைப் படைத்தவர் யார் என்று ஒரு கேள்வி, பிறகு சற்றுநேரம் பேசாதிருத்தல்.

கடலிலிருந்தே கடினமான சோதனையும் வருகிறது. கத்தோலிக்க மீனவர் வள்ளத்துக்குப் புனிதர் பெயர் வைப்பார்கள், படகை மந்திரித்து இறக்குவார்கள், சிலுவை அடையாளம் வரைந்து தள்ளுவார்கள், ஞாயிறு கடலுக்குப் போகாதிருப்பார்கள். இவை அழகான வழக்கங்கள். திருகோணமலைக் கடலில் டைனமைற் வைத்து மீன்பிடிப்பதும் நடக்கிறது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்கிறது. ஒரு வெடியில் பெருமீனோடு குஞ்சும் முட்டையும் பவளப்பாரும் அழிகின்றன. அந்த மீனைப் பிடிப்பவரோ, விற்பவரோ, தெரிந்தே மலிவாக வாங்குபவரோ எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். கிறிஸ்தவ வீட்டில் அது நடந்தால், சிலுவை வரைந்த அதே கை என்ன செய்கிறது என்பதைப் பிள்ளை பார்க்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ திருமடல் படைப்பை மதிப்பதைப் படைத்தவரை மதிப்பதோடு இணைத்துப் பேசுகிறது. இக்கரையில் அது நேரடியான வீட்டுப் பாடம். தராசு, கடன், சீட்டு, காணி எல்லை என்று வீட்டின் எல்லாக் கொடுக்கல் வாங்கலிலும் பிள்ளை பெற்றோரின் இறையச்சத்தை அளந்துகொண்டே இருக்கிறது.

துன்பம் வந்த காலங்களில் கேட்கப்பட்ட கேள்விகளும் இப்பொருளின் ஒரு பகுதி. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள். அன்று காலை வந்த ஆழிப்பேரலையில் இம்மாவட்டக் கரையும் சிதைந்தது. கடவுள் ஏன் கோபித்தார் என்று பிள்ளைகள் கேட்டார்கள்; பாவத்துக்குத் தண்டனை என்று சில பெரியவர்கள் விடை சொன்னார்கள். 2006இல் மூதூர்ப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோதும், 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் பலர் இறந்தபோதும் அதே கேள்வி எழுந்தது. தண்டனை என்ற விடையை இயேசுவே மறுத்திருக்கிறார்: பிறவிக்குருடனின் நிலைக்கு அவனோ பெற்றோரோ செய்த பாவம் காரணமன்று என்றார், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார். யோபு நூலின் முடிவில் கடவுள் சினம்கொள்வது கேள்வி கேட்ட யோபுமீதன்று, அவருடைய நண்பர்கள்மீது. எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தவர்கள் அவர்களே. கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்கும் பெற்றோர் இறையச்சத்தைக் காப்பதாக நினைக்கலாம். தெரியாது என்று ஒப்புக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து அழுது செபிக்கும் பெற்றோரிடம்தான் அது உண்மையில் தெரிகிறது.

இன்றைய இடையூறுகளில் முதன்மையானது நேரம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான தயாரிப்பும் முதல் நற்கருணைக்கு அடுத்துவரும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஞாயிறு காலை தனியார் வகுப்பு என்றால் மறைக்கல்வி வகுப்பு பின்தள்ளப்படுகிறது. வகுப்பைத் தவறவிட்டால் பதறும் பெற்றோர் பூசையைத் தவறவிட்டால் பதறுவதில்லை என்பதைப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். அந்திச் செபத்தின்போது பாயில் ஒளிரும் கைத்தொலைபேசியும் பெரும்பாலும் பெரியவருடையதே. வீட்டில் ஒருவர் இல்லாமையும் ஓர் இடையூறு. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, தகப்பன் இரவுக் கடலில் நிற்க, பிள்ளைகளைச் செபத்துக்கு இருத்துபவர் அம்மம்மா. வெளிநாட்டிலிருந்து தாய் தொலைபேசியில் அழைத்து, ஒரு பத்துமணி செபமாலையைப் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்வதும் குடும்பச் செபமே; அதைக் குறைவாக எண்ண ஒன்றுமில்லை.

பதின்ம வயதில் பழக்கம் மட்டும் போதாமற்போகிறது. படிப்புக்கும் வேலைக்கும் கொழும்புக்கோ கனடாவுக்கோ போனபின் முழங்காலிடச் சொல்ல எவரும் இல்லாத அறையில் எது எஞ்சும் என்பது, அதற்கு முன்பே பொருள் விளக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது. சிறுவயதில் உடல் கற்றதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் காரணம் சொல்லப்பட வேண்டும். உறுதிப்பூசுதலுக்கும் மெதடிஸ்தரின் திடப்படுத்தலுக்குமான தயாரிப்புக் காலம் அதற்கு ஏற்றது. அப்போது ஞானப்பெற்றோருக்கும் வேலை உண்டு. பெற்றோரிடம் கேட்கக் கூசும் ஐயங்களைப் பிள்ளை அவர்களிடம் கேட்கலாம். நடைமுறையில் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் சங்கிலி போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பெற்றோரை ஆயத்தப்படுத்துவதில் திருச்சபைகள் இன்னும் செய்ய வேண்டியது மிகுதி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் பெற்றோரையே பிள்ளைகளின் முதல், முதன்மை ஆசிரியர்களாக அறிவித்தது. 1969இல் வெளிவந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்குமுறை குழந்தைகளுக்கென்றே உரோமை வழிபாட்டில் அமைந்த முதல் முறை. அதில் குருவானவர் பெற்றோரிடமே கேள்வி கேட்கிறார், பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் கடமையை அறிந்து ஏற்கிறார்களா என்று. மெதடிஸ்தச் சடங்கிலும் பெற்றோரின் வாக்குறுதி உண்டு. அந்த வாக்குறுதிக்கு முன் இளம் தம்பதியர் எப்படிச் செபிப்பது, எப்படிக் கதை சொல்வது, எப்படிக் கண்டிப்பது என்று பங்கிலுள்ள அனுபவமுள்ள குடும்பங்களிடமிருந்து கற்கும் ஏற்பாடு வேண்டும். அரசாலும் போராலும் மூட முடியாத மறைக்கல்வி நிலையம் வீடு ஒன்றே ஆகையால், மறையாசிரியர்களுக்குத் தரும் பயிற்சியில் ஒரு பங்கையாவது பெற்றோருக்குத் தருவது பங்குகளின் அவசர வேலை.